சொறிஞ்சுக்கிட்டே கேளு, மாப்ளே

சொறியாதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஒங்கம்மா சொல்லியாச்சு, ஒம் பொண்டாட்டி சொல்லியாச்சு, பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவன் எந்திரிச்சுப் போயே சொல்லியாச்சு. நீ பாட்டுக்குச் சொறி. காதை மட்டும் இங்கிட்டுக் குடு.

ஜெர்மனியில கீஸன்னு ஒரு ஊரு. அங்க இருக்கிற தோல் டாக்டர்மாரு "அரிப்பு எதனால வருது"ன்னு பொதுஜனத்தைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாக. பேச்சு ஒரு சாக்குதான். உள்வேலை என்னன்னா, வந்து ஒக்காந்த ஜனத்தையே படம் புடிச்சாக. மொதப் பாதியில தெள்ளு, உண்ணி, சொறி புடிச்ச தோலுன்னு படம் காட்டினாக. பொறகு பச்சப்பிள்ளைத் தோலு, குளிக்கிற ஆளுகன்னு மெத்துமெத்துன்னு காட்டினாக. தெள்ளுப் படம் ஓடையில சபையில சொறியிற கை கூடிப்போச்சு. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை, வெறும் படம். 2000இல இதைக் கட்டுரையா எழுதி மருத்துவப் பத்திரிகையிலயே போட்டாக. நான் தெள்ளுன்னதுமே ஒன் கை கழுத்துக்குப் போச்சு பாத்தியா? கழுத்துல ஒனக்கு ஒரு செதிலும் கிடையாது, மாப்ளே.

"மாமனுக்கு வேலை வெட்டி இல்லை, பேத்தி சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்து அளக்குறாரு"ன்னு நெனைக்கிற. பாதி நெசந்தான். பேத்தி மதுரையில தோல் டாக்டருக்குப் படிக்கா. லீவுக்கு வந்தா திண்ணையில ஒக்காந்து அவ படிக்கிறதை எனக்குச் சொல்லுவா. மீதிப் பாதி என் சொந்தச் சரக்கு. கவர்மெண்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர்னா அந்தக் காலத்துல சீட்டைப் பாத்து அட்டையைக் கிழிச்சுக் குடுக்கிற வேலை இல்லை. கந்தகப் பொடியையும் வாசலினையும் கல்லுல போட்டு மசிச்சுச் சிரங்குக் களிம்பு செய்யணும். படைக்கு விட்ஃபீல்டு களிம்பு, அக்கிக்குக் கேலமைன். வாங்க வந்தவுக வரிசையில நிக்கையில என்ன பேசுவாகன்னு டாக்டருக்குத் தெரியாது, சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்குத் தெரியும். "நெலம் கேஸ் தோத்ததுலருந்து வந்துச்சுங்க" என்பாக. "மக செத்த வருசம் வந்துச்சுங்க" என்பாக. உள்ள போயி டாக்டர்கிட்டக் கேட்டா, "கத்தரிக்கா தின்னேன் சார்" என்பாக. பொய் சொல்லணும்னு இல்லை. அந்த எடத்துல சொல்ல வேண்டியது கத்தரிக்காதான்னு நெனச்சுக்கிடுவாக.

நீயும் அப்படித்தான் ஒரு கத்தரிக்கா வச்சிருக்க. "பயர் ஆபீஸ் பட்டாசு மருந்து ஒத்துக்கலை மாமா." அடேங்கப்பா. அலுமினியப் பொடி, வெடியுப்பு, கந்தகம்னு மூணையும் வரிசையாச் சொல்ற. கந்தகத்தைப் பத்தி எங்கிட்டயே சொல்ற. அது தோலுக்கு ஒத்துக்காதவுகளும் உண்டு, இல்லேங்கலை. அதனாலதானே டாக்டரம்மா மொதல்ல அதைச் சந்தேகப்பட்டு முதுகுல மருந்து மருந்தா ஒட்டிப் பாத்தாக? ஒண்ணுக்கும் தோலு செவக்கலை. பொறகு துளியூண்டு சதை எடுத்துப் பாத்துட்டு, இது சோரியாசிஸ்னு எழுதிக் குடுத்தாக. நம்ம சித்த வைத்தியரு காளாஞ்சகப்படைன்னு சொல்ற அதேதான். ஒங்கப்பாரு முழங்கையிலயும் வெள்ளையாச் செதில் உதிரும், சின்னப்பிள்ளையில நீ பாத்திருப்ப. ஆக, விதை ஒங்கப்பாரு குடுத்துட்டுப் போன சொத்து. ஒன் தம்பிக்கும்தானே குடுத்தாரு? அவன் தோலு ஏன் வழுவழுன்னு இருக்கு? நீ பயர் ஆபீஸை விட்டு நின்னு அரிசிக் கடையில கணக்கு எழுதுறியே, அங்க எந்த வெடியுப்பு பறக்குது?

சரி, அதை விடு. வேற ஒண்ணு கேக்கேன். டீக் குடிக்கிறதை ஏன் விட்ட?

வயித்துக்கு ஆகலைன்னு சொன்ன. நானும் நம்பினேன். அப்புறந்தான் யோசிச்சேன், அதே வயிறு சனிக்கிழமைக்கு ஒரு குவாட்டரைத் தாங்குதே, பாலும் சீனியும் கலந்த தண்ணி அதுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

மொகத்தைத் திருப்பாத. எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ டீக் குடிக்கத்தான் வெளிய வந்த. கிளாஸ் கையில இருக்கையிலயே மருந்து ரூம் வெடிச்சுப் போயிருச்சு. உள்ள இருந்தவுகள்ல ஒருத்தன் ஒங்கூடப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல ஒக்காந்தவன். அன்னைக்கு ராத்திரி நீ யாரை எல்லாம் அடையாளம் காட்டினன்னு ஊருக்கே தெரியும். ஆனா ஒன் வாயால யாரும் கேட்டதில்லை. ஒம் பொண்டாட்டியும் கேட்டதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ப் பந்தியில எல எடுத்துப் போட்ட, எல்லாருக்கும் தண்ணி மோந்து குடுத்த. "நல்லாத் தாங்கிக்கிட்டான்"னு ஊரு மெச்சுச்சு. அந்த மாசக் கடைசியில தலையில மொதச் செதில் உதிர்ந்துச்சு.

அதுலருந்து நான் பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு வாரேன். தீபாவளி முடிஞ்ச கையோட ஒன் முழங்கை செவக்குது. அன்னைக்குச் செத்தவுகளுக்குத் தெவசம் வர்ற மாசம் இடுப்புல பத்துப் பத்தா ஏறுது. போன வருசம் தெருவுல புள்ளைக சரம் கொளுத்துனப்ப நீ மாட்டுத் தொழுவத்துல போய் நின்னுக்கிட்டு, மாட்டுக்குப் பயம்னு சொன்ன. மாடு அசைபோட்டுக்கிட்டு நின்னுச்சு மாப்ளே, நானும் பாத்தேன்.

இப்ப நான் என்ன சொல்லப் போறேன்னு ஒனக்குத் தெரியும். "எல்லாம் மனசுதான்னு சொல்லப் போறீக, எனக்குக் கிறுக்குன்னு சொல்லப் போறீக." அவசரப்படாத. கிறுக்குன்னா அதை நான் நேரடியாவே சொல்லுவேன், ஒங்க கல்யாணத்துக்கு முந்தி சொல்லலையா?

ஜப்பான்ல கோபேன்னு ஒரு பட்டணம். 1995 ஜனவரி 17, விடிஞ்சும் விடியாத நேரம், பூமி ஆடி ஆறாயிரம் பேருக்கு மேல செத்துப்போனாக. அந்தச் சுத்துவட்டாரத்துல ஏற்கெனவே கரப்பான் இருந்தவுக ஆயிரத்து நானூறு பேருக்கு மேல தேடிப் புடிச்சு டாக்டர்மாரு கணக்கெடுத்தாக. கரப்பான் வேற, ஒன் காளாஞ்சகம் வேற. ஆனா ரெண்டும் ஒரே தெரு. வீடு வாசல் இடிஞ்ச பகுதியில நூத்துக்கு 38 பேருக்கு நோய் முத்தியிருந்துச்சு. கொஞ்சமா அடி வாங்குன பகுதியில 34. சேதமே இல்லாத பகுதியில 7.

ஒன் மாதிரி வம்புக்காரன் ஒருத்தன் கேப்பான்: "தண்ணிக் குழாய் ஒடைஞ்சிருக்கும், குளிச்சிருக்க மாட்டாக, புழுதி பட்டிருக்கும், அதனால வந்திருக்கும்." நல்ல கேள்வி. அந்த டாக்டர்மாரும் ஒவ்வொண்ணா ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தாக. எல்லாத்தையும் விட, யாரு மனசுக்குள்ள ரொம்ப ஆடிப்போனாகளோ அவுகளுக்குத்தான் தோலும் கூடுதலாக் கெட்டிருந்துச்சு. இதுலயும் ஒரு கூத்து: வீடு இடிஞ்ச பகுதியில நூத்துக்கு 9 பேருக்குக் கரப்பான் கொறைஞ்சு போச்சு. மனுச உடம்பு எந்தக் கணக்குக்கும் முழுசா அடங்காதுன்னு கம்பவுண்டர் வேலையிலயே எனக்குத் தெரியும்.

எப்படி நடக்குதுன்னு கேக்க மாட்ட, நானே சொல்றேன். தாய் வயித்துல கரு உண்டாகி மூணாவது வாரத்துல மூணு அடுக்கா நிக்கும். மேலடுக்குல ஒரு பகுதி உள்ள மடிஞ்சு மூளையாவும் தண்டுவடமாவும் ஆகுது. வெளிய நின்னது மேல்தோலாகுது. ஆக, மூளையும் தோலும் பங்காளிக. பாகம் பிரிச்சுக்கிட்டு ஒருத்தன் உள்வீட்டுலயும் ஒருத்தன் வாசலுலயும் குடியிருக்கான். பங்காளிக்குள்ள பேச்சுவார்த்தை இருக்கோ இல்லையோ, ஒருத்தன் வீட்டுல எழவு விழுந்தா இன்னொருத்தன் வீட்டுக்கும் தீட்டு உண்டுதானே? ஒன் உள்வீட்டுல எழவு விழுந்துச்சு. நீ கதவைச் சாத்திட்ட. தீட்டு வாசல்ல நிக்குது.

இது மாமன் பேச்சு. பேத்தி பேச்சு வேற மாதிரி. பயம் வந்தா மூளை அடியிலருந்து உத்தரவு கிளம்பி, பிட்யூட்டரி வழியா, சிறுநீரகத்து மேல குந்தியிருக்கிற அட்ரினல் சுரப்பிக்குப் போகுது. அது கார்டிசாலைச் சுரக்குது. இன்னொரு பக்கம், தோலுக்குள்ள ஓடுற நரம்பு நுனிக சும்மா சேதி மட்டும் கடத்துறதில்லை, தாங்களே சில சரக்கைக் கக்குதுக. அதுல ஒண்ணுக்குப் பேரு சப்ஸ்டன்ஸ் பி. அது பட்டதும் தோலுல காவலுக்கு நிக்கிற மாஸ்ட் செல்லுக பொத்துக்கிட்டு ஹிஸ்டமினைக் கொட்டுதுக. ரத்தக் குழாய் விரியுது, எடம் செவக்குது, அரிக்குது, எதிர்ப்புச் செல்லுக கூட்டமா ஓடியாருதுக. நல்ல தோலுன்னா அடியில பொறந்த செல் மேல வந்து உதிர ஒரு மாசம் ஆகும். ஒனக்கு நாலஞ்சு நாளுல வந்துருது. அவசரத்துல அரைகுறையா வந்ததுக ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நிக்குதுக, அதுதான் ஒன் செதில். நரம்பு அறுந்துபோன எடத்துல சோரியாசிஸ் தானா மறைஞ்சதையும், நரம்பு கூடினதும் அது திரும்பி வந்து ஒக்காந்ததையும் டாக்டர்மாரு பாத்து எழுதி வச்சிருக்காக. நரம்பு இதுல வேடிக்கை பாக்குற ஆளு இல்லை.

பேத்திகிட்ட நான் ஒரு மடக்கு மடக்கினேன். "ஏ தாயி, கார்டிசால்ங்கிறது உடம்பே செய்யிற ஸ்டீராய்டுதானே? நீங்க களிம்புல குடுக்கிறதும் ஸ்டீராய்டுதானே? அப்ப பயந்தவனுக்குத் தோலு நல்லால்ல ஆகணும்?" அவ சிரிச்சா. ஒரு நாள், ரெண்டு நாள்னா நீங்க சொல்றது சரி தாத்தா என்றா. மாசக்கணக்கா, வருசக்கணக்கா அந்த உத்தரவு வந்துக்கிட்டே இருந்தா செல்லுக அதைக் காதுல வாங்குறதை நிறுத்திருமாம். சிலருக்கு, சுரக்க வேண்டிய நேரத்துல சுரக்காமலும் போயிருமாம். கூடவே, தோலு தன் மேல்பூச்சைப் பழுது பாக்குற வேகமும் கொறைஞ்சுருமாம்.

பழுது பாக்குற வேகத்தை அளந்தே பாத்திருக்காக. அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம், மறதி நோய் புடிச்ச பெரியவுகளை வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டிருந்த 13 பொம்பளைக, அதே வயசுல அந்தப் பாடு இல்லாத 13 பொம்பளைக. ரெண்டு கூட்டத்துக்கும் கையில ஒரே அளவுக்குச் சின்னதாக் காயம் போட்டு ஆறுறதைப் பாத்தாக. பாடு இல்லாதவுகளுக்கு 39 நாள். பாடுபட்டவுகளுக்கு 48 நாளுக்கு மேல. 1995இல லான்செட் பத்திரிகையில வந்துச்சு. புண்ணு கையில, பாரம் மனசுல. அப்படி இருந்தும் ஒம்பது நாள் தள்ளிப்போகுது.

இதைக் கேட்டுட்டு நாளைக்கே டீக்கடையில போய், "எல்லாச் சொறியும் மனசுல இருந்துதான் வருதாம், எங்க மாமா சொன்னாரு"ன்னு எம் பேரைக் கெடுத்துறாத. சிரங்கு உண்ணியால வருது. படை பூஞ்சையால வருது. அதுக்கு மனசைத் தொறந்து காட்டினா பூஞ்சைக்குக் காத்தோட்டமா இருக்கும், அவ்வளவுதான். மனசு காயப்பட்டவுக அத்தனை பேருக்கும் தோலுநோய் வர்றதும் இல்லை. சுவீடன்ல ஒரு லட்சத்து ஆறாயிரம் பேரு, பெரிய அதிர்ச்சிக்கோ இழப்புக்கோ அப்புறம் மனநோய் கண்டவுக. அவுகளை வருசக்கணக்காத் தொடர்ந்து பாத்து 2018இல கணக்குச் சொன்னாக. உடம்பு தன்னைத் தானே தாக்குற நோய்க இருக்குல்ல, ஒன் சோரியாசிஸும் அந்தப் பட்டியல்லதான் இருக்கு, அது வருசத்துக்கு ஆயிரத்துல 9 பேருக்கு வந்துச்சு. அப்படி மனநோய் காணாதவுகள்ல 6 பேருக்கு. ஆயிரத்துல மூணு பேருதான் வித்தியாசம். பெருசா எடுத்துக்கிட்டா பெருசு, சிறுசா எடுத்துக்கிட்டா சிறுசு. ஆனா அதே கணக்குல இன்னொண்ணு இருக்கு, அதைக் கவனி: அதிர்ச்சி நோய்னு தெரிஞ்ச மொத வருசம் மனநல டாக்டரு குடுத்த மாத்திரையை விடாமச் சாப்பிட்டவுகளுக்கு அந்த ஆபத்து கொறைஞ்சிருந்துச்சு.

மனசு தோலை எம்புட்டுத் தூரம் ஏமாத்தும்னு பாக்கணும்னா அதுக்கும் ஜப்பான்தான். நம்ம பக்கத்துச் சேராங்கொட்டை மரம் தெரியும்ல, வண்ணாரு துணிக்குக் குறி போடுற கொட்டை? அந்தப் பால் பட்டா தோலு வெந்துரும். அந்த மரத்துக்குச் சொந்தக்கார மரம் ஒண்ணு அங்க அரக்கு எடுக்கிற மரம். 1962இல இக்கேமி, நாககாவான்னு ரெண்டு டாக்டர்மாரு, அந்த எல பட்டா கொப்பளிக்கிற பள்ளிக்கூடப் பையன்களைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டினாக. ஒரு கையில ஒண்ணும் செய்யாத எலையைத் தடவி, "இது அரக்கு மரத்து எல"ன்னாக. இன்னொரு கையில அசல் அரக்கு மரத்து எலையைத் தடவி, "இது சும்மா எல"ன்னாக. சும்மா எல பட்ட கை செவந்து தடிச்சுச்சு. அசல் எல பட்ட கை பலருக்குக் கம்முன்னு இருந்துச்சு. சேரான் மரத்தடியில போகையில அதைக் கும்பிட்டுட்டுப் போற நம்ம ஆளுகளை இனிமே நான் கேலி பண்ணுறதா இல்லை.

கும்பிடுறதுன்னதும் ஞாபகம் வருது. ஒங்கம்மா ஒன்னைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போயிப் புத்துமண் பூசி விட்டாளே. நாகதோசம்னு எவனோ சொன்னான்னு. நாகத்துக்கு ஒம் மேல என்ன பகை இருக்கப் போகுது, அதுவாவது வருசா வருசம் தோலை முழுசா உரிச்சுட்டுப் போயிருது. ஆனா அன்னைக்கு நான் ஒண்ணு பாத்தேன். ஒங்கம்மா கோமதியம்மன் முன்னால நின்னு, அந்த வெடிச் சத்தம் கேட்டதுலருந்து நீ வீடு திரும்புற வரைக்கும் அவ பட்ட பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுதா. அர்ச்சகரே தீபாராதனையை நிறுத்திட்டு நின்னாரு. வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினா. நீ ஒடம்பெல்லாம் மண்ணைப் பூசிக்கிட்டு, வாயில மட்டும் பூட்டுப் போட்டுக்கிட்டு நின்ன. வேண்டுதலை அவளோடது, பலனும் அவளுக்குத்தான் போச்சு.

நீ சொல்ல வேண்டியதைச் சொல்லாம வச்சிருக்கையில, ஊரு ஒனக்குப் புதுசு புதுசா வேற காயம் குடுக்குது, அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சலூன்காரன் ஒந் தலையைப் பாத்துட்டு, "அண்ணே, சாயங்காலம் வாங்க"ன்னான். சாயங்காலம் போனா, "நாளைக்கு வாங்க"ன்னான். கல்யாண வீட்டுல பந்தியில ஒரு எல காலியாவே இருந்துச்சு, ஒன் பக்கத்து எல. சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியிற. சோரியாசிஸ் ஒட்டுவாரொட்டி கிடையாது. தொட்டாலும் வராது, ஒரே தட்டுல தின்னாலும் வராது. இதை நான் சலூன்ல போய் நாற்காலியில ஒக்காந்துக்கிட்டுச் சத்தமாச் சொல்லிட்டு வந்தேன். அவன் கேட்டானோ இல்லையோ, கத்தி என் கழுத்துல இருந்ததால நான் கொஞ்சம் மரியாதையாத்தான் சொன்னேன். ஆக, உள்ள பயம், வெளிய அவமானம். அவமானத்தால செதில் கூடுது, செதில் கூடினா அவமானம் கூடுது. வெடிச்சது ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதா வெடிச்சுக்கிட்டே இருக்கு.

வைத்தியத்துக்கு வருவோம். ஒன் அலமாரியில இருக்கிற டியூப்புகள்ல டாக்டரம்மா எழுதுனது எத்தனை, மருந்துக்கடைக்காரன் "இது நல்லாக் கேக்கும்ணே"ன்னு குடுத்தது எத்தனை? காட்டமான ஸ்டீராய்டு களிம்பை நெனச்ச போதெல்லாம் தடவினா தோலு வெங்காயச் சருகு மாதிரி ஆயிரும். ஸ்டீராய்டு மாத்திரையையும் ஊசியையும் நீயா ஆரம்பிச்சு நீயா திடீர்னு நிறுத்தினா, காளாஞ்சகம் சீழ்க் கொப்பளமாத் திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்க வச்சுரும். இதை நான் கண்ணால பாத்திருக்கேன். இப்ப ஒனக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதியிருக்காக. அது கல்லீரலைச் சோதிக்கிற மாத்திரை. அதோட சனிக்கிழமைக் குவாட்டரும் சேந்தா கல்லீரல் ரெண்டு எசமானுக்கு வேலை பாக்கணும். குடி காளாஞ்சகத்தைக் கிளப்பியும் விடும். எதுக்குக் குடிக்கிறன்னு எனக்குத் தெரியும், தூங்கத்தானே? தூக்கத்துக்கு வேற வழி இருக்கு, சொல்றேன்.

சொறியிறது ஏன் ஆகாதுன்னா, அடம்புடிக்கிற தோலுநோய்க்கு அடி வாங்குன எடம்தான் புடிக்கும். கோப்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டரு 1870கள்லயே அதைக் கண்டுபிடிச்சாரு. அவருகிட்ட வந்த சோரியாசிஸ்காரனுக்குக் குதிரை கடிச்ச எடத்துல புதுசா ஒரு பத்து வந்திருந்துச்சு, பச்சை குத்துன எடத்துலயும் வந்திருந்துச்சு. ஒன்னைக் குதிரை கடிக்கலை, ஒன் நகமே கடிக்குது. அதுக்கு ஒரு சின்ன வித்தை உண்டு, சுவீடன்ல கரப்பான்காரவுகளுக்குச் சொல்லிக் குடுத்துப் பலன் கண்டது. கை சொறியக் கிளம்புச்சுன்னா முஷ்டியை இறுக்கி மூடி அரை நிமிசம் வச்சுக்கணும். அப்புறம் அரிக்கிற எடத்தை அமுக்கி விடலாம், கிள்ளலாம், சொறியக் கூடாது. முஷ்டியை மூடும்போது எதிர்ல யாரும் நிக்காமப் பாத்துக்கோ, அடிக்க வர்றன்னு நெனச்சு ஓடிருவாக.

ஒளி வைத்தியத்துக்குப் போறியே, அந்தப் பொட்டிக்குள்ள நிக்கையில என்ன பண்ற? வாட்சைப் பாக்குற. அமெரிக்காவுல கபாத்-ஜின்னுன்னு ஒருத்தரு 37 சோரியாசிஸ்காரவுகளை ரெண்டாப் பிரிச்சாரு. ஒரு கூட்டம் சும்மா நின்னுச்சு. இன்னொரு கூட்டம் மூச்சைக் கவனி, உடம்பைக் கவனின்னு ஒலிநாடா கேட்டுக்கிட்டு நின்னுச்சு. ஒளி ரெண்டு கூட்டத்துக்கும் ஒண்ணுதான். ஒலிநாடா கேட்ட கூட்டத்துக்குத் தோலு சீக்கிரம் தெளிஞ்சுச்சு. 1998இல வந்த சேதி. சின்னக் கூட்டம்தான், 37 பேரை வச்சு உலகத்துக்கே சத்தியம் பண்ண முடியாது. ஆனா காசு செலவில்லை, பக்கவிளைவும் இல்லை. வாட்சைப் பாக்குறதை விட மேல்.

ஆனா இதெல்லாம் சுத்தி சுத்தி வர்றது. ஒன் விசயத்துல நடுவுல ஒரு மருந்து ரூம் நிக்குது, மாப்ளே. அதை யாருகிட்டயாவது திறந்து காட்டணும். எங்கிட்ட வேண்டாம். நான் பாதியில அழுதுருவேன், அப்புறம் நீ எனக்கு ஆறுதல் சொல்லணும். ஒம் பொண்டாட்டிகிட்டயும் மொதல்ல வேண்டாம். அதுக்குன்னு படிச்சவுக இருக்காக. மாவட்டத் தலைநகர் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சத்தம் கேட்டு முழிச்சு ஒக்காந்திருப்பியே, அப்ப பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கமே வச்சிருக்கு, தமிழ்லயே பேசுவாக. ஆஸ்பத்திரிக்குப் போனா மொத நாளே "சொல்லு, சொல்லு"ன்னு ஒன்னைப் பிழிய மாட்டாக. மொதல்ல தூக்கத்தைச் சரிபண்ணுவாக. பொறகு கொஞ்சம் கொஞ்சமா, நீ எந்த அளவுக்குத் தாங்குவியோ அந்த அளவுக்குத்தான் அந்த நாளுக்குள்ள கூட்டிட்டுப் போவாக. "டீக் குடிக்கப் போனேன், அதனால பொழச்சேன்"ங்கிறதுதானே ஒன் தொண்டையில நிக்குது? அதை ஒன் வாயால சொல்லிட்டு வெளிய வந்தவன் நீ மட்டுமில்லை.

டாக்டரம்மாகிட்டயும் அடுத்த தடவை போகையில கத்தரிக்கா, கருவாடுன்னு நீட்டாம, எந்த மாசம் கூடுது, எந்தச் சத்தத்துக்குக் கூடுதுன்னு சொல்லு. அவுக களிம்பை நிறுத்த மாட்டாக. மனநல டாக்டரு மாத்திரை குடுத்தா டாக்டரம்மாகிட்டக் காட்டு, ஏன்னா சில மனநல மாத்திரை, குறிப்பா லித்தியம், காளாஞ்சகத்தைக் கிளப்பும். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சீட்டு எழுதிக்கட்டும். நீ தபால்காரன் வேலை பாத்தாப் போதும்.

இன்னும் மொகம் தெளியலையே. ஊரு என்ன சொல்லும்னுதானே? மனநலப் பிரிவுல ஒன்னை யாராவது பாத்துட்டா, "பயர் ஆபீஸ்காரனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு"ன்னு சொல்லுவாகன்னுதானே?

அதுக்கும் யோசனை பண்ணி வச்சிருக்கேன். புதன்கிழமை காலையில ஏழு மணி பஸ்ஸு. நானும் வாரேன். சீட்டு ஒம் பேர்ல போடுவோம், டாக்டர் முன்னால நீ ஒக்காரு, நான் வெளிய பெஞ்சுல ஒக்காந்து எல்லாருக்கும் தெரியிற மாதிரி ரெண்டு தடவை தனியாச் சிரிச்சுக்கிடுறேன். ஊர்ல யாராவது கேட்டா, "எங்க மாமனுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு, வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்"னு சொல்லு. ஒருத்தரும் மறு கேள்வி கேக்க மாட்டாக. ஒங்க அத்தையே, "இப்பவாவது கூட்டிட்டுப் போனியே"ன்னு ஒனக்கு ஒரு டம்ளர் மோர் குடுப்பா.